புதிய குரலுக்குப் பழகிய நாய்

என் கணவர் பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய அன்று, அவர் வளர்த்த நாய் அவரைப் பார்த்து உறுமியது.

அவருடைய தம்பியும் நானும் அவரை ஆட்டோவிலிருந்து இறக்கி வாசற்படி ஏற்றினோம். இடது கையில் நான்கு கால் வைத்த அலுமினிய ஊன்றுகோல். அதைத் தரையில் ஊன்றும்போது டக் என்று ஒரு சத்தம்; பிறகு வலது கால் பின்னாலேயே இழுபட்டு வரும் சத்தம். கூடத்தில் நின்றிருந்த நாய் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பின்வாங்கி கிரைண்டருக்குப் பக்கத்து மூலையில் ஒடுங்கியது. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. பல்லைக் காட்டி, தொண்டைக்குள்ளிருந்து உறுமியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கூப்பிட நினைத்திருக்க வேண்டும். "ஆ" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நாய் இன்னும் உள்ளே ஒடுங்கியது.

அவர் தனியார் பேருந்து ஓட்டுநர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். பெரிய குரல். தெருமுனையில் யாரிடமாவது பேசினால் அடுப்படியில் இருக்கும் எனக்குக் கேட்கும். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பின் சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்த பழுப்பு நிறக் குட்டியை ஒரு மழை நாளில் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பெயர் எதுவும் வைக்கவில்லை. "டேய்" என்பார், அது ஓடிவரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்து அவர் பேசுகிற பேச்சில் பாதி அதனுடன்தான். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மாணவர்களுக்குச் சான்றிதழ் எழுதும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்க ஆட்களிடம் பேசிவிட்டு வருவதால், வீட்டில் எனக்குப் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

நல்லவேளையாக, பக்கவாதம் வந்தபோது அவர் வண்டியில் ஏறியிருக்கவில்லை. திண்டிவனத்தில் டீக்கடையில் நிற்கும்போது கண்ணாடி டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. அன்றிரவே புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். நான் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியிருந்ததால் நாயை அவருடைய தம்பியிடம் விட்டேன். பனமலைப் பக்கம் அவருக்கு நிலம் இருக்கிறது. நாயை மோட்டார் கொட்டகையில் கட்டி வைத்திருந்தார். ஏழு வாரம் கழித்து நாங்கள் திரும்பிய அன்று அதை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். அதன் இடது காது பாதி கிழிந்திருந்தது. கழுத்தில் கயிறு அறுத்த புண். "கொல்லையில சுத்துற நாயிங்க வந்து கடிச்சிருக்குது அண்ணி. நான் இன்னா பண்றது" என்றார். எனக்கு அப்போது கேள்வி கேட்கத் தெம்பில்லை.

அதன்பிறகு நாய் எதைப் பார்த்தாலும் பயந்தது. தெருவில் வேறு நாய் போனால் கேட்டில் மோதி மோதிக் குரைத்தது. பால்காரரைக் கடிக்கப் போனது. ஆனால் எல்லாவற்றையும்விட அது பயந்தது அவருக்குத்தான். அவர் கட்டிலிலிருந்து எழுந்தால் போதும், வீட்டின் மறுகோடிக்கு ஓடிவிடும். அதற்குத் தெரிந்த மனிதருக்கு வேகமான நடையும் உரத்த குரலும் உண்டு. இவர் அந்த மனிதராக இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கும் அவரைப் பார்க்கும்போது சில சமயம் அப்படித்தான் இருந்தது.

"விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி வுட்டுட்டு வந்துர்றேன் அண்ணி. ஓட்டல் நெறைய கீது, பொழச்சிக்கும்" என்றார் கொழுந்தன். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர் இடது கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் போய்க் கையைப் பிடித்துக் கீழே இறக்கும்வரை நிறுத்தவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவர்தான் திண்டிவனத்தில் இருந்த பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னார். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் ஒரு நாய் விடுதியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வந்து, திண்டிவனத்துக்கு வெளியே சுற்றுச்சுவர் போட்ட காலி மனை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டு நாய்கள் அங்கே வரும். பயந்த நாய், கடிக்கிற நாய், ஒன்றுக்கொன்று சேராத நாய். அவர் கண் முன்னால் மெல்ல மெல்ல ஒன்றையொன்று பழகவிடுவார்.

பக்கத்துத் தெருவில் வேன் வைத்திருந்தவரிடம் சொல்லி ஒரு ஞாயிறு போனோம். யாரையும் கடிக்காமலிருக்க நாய்க்கு வாய்க்கூடை மாட்டினேன். என் கணவரையும் கூட்டிப்போனேன். தனியாக விட்டுப்போக முடியாது. நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிய தடத்துப் பேருந்து ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் ஜன்னல் பக்கம் இருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயிற்சியாளர் நாயிடம் வரவே இல்லை. தூரத்தில் நின்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு என்னிடம்தான் பேசினார்.

"ஈரல் வேகவச்சி எடுத்துக்கினு வந்தீங்களாக்கா?"

"கொண்டாந்திருக்கேன்."

"மல்லாட்டைப் பருப்பு அளவுக்குப் பிச்சி வச்சிக்கோங்க. அதோ அந்தக் கோடியில என் நாய் நிக்குது பாருங்க. வயசானது, ஒரு வம்புக்கும் போகாது. நம்ம நாயி அதைப் பாத்துட்டுக் கொரைக்காம இருந்தா ஒரு துண்டு. திரும்பி உங்களைப் பாத்தா ரெண்டு துண்டு. அவ்ளோதான் இன்னிக்கு வேலை."

"கொரைச்சா?"

"கொரைச்சா தப்பு அதும்மேல இல்லக்கா. நாம கிட்டக்கப் போயிட்டோம்னு அர்த்தம். பின்னாடி வந்துருங்க."

அந்தக் காலையில் பாதி நேரம் பின்னாடி வந்துகொண்டே இருந்தேன். கடைசியில் சுவரில் முதுகு இடித்தது. அங்கிருந்து பார்த்தபோது அந்தக் கிழட்டு நாய் ஒரு வெளுத்த மூட்டை போலத் தெரிந்தது. எங்கள் நாய் அதைப் பார்த்தது. காதை நிமிர்த்தியது. குரைக்கவில்லை. கூடையின் இடுக்கு வழியே ஒரு துண்டு ஈரலைத் தள்ளினேன். அதோடு போதும், வீட்டுக்குப் போங்கள் என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "நல்லா பண்ணும்போதே நிறுத்திடணும்கா. அப்பதான் அடுத்த வாட்டி ஆசையா வரும்" என்றார்.

கிளம்பும்போது அவர் வேன் பக்கம் வந்து என் கணவரிடம் பேசினார். "அண்ணே, உங்க நாயி உங்களை மறக்கல. உங்க சத்தம்தான் அதுக்குப் புதுசு. பழைய சத்தம் வரட்டும்னு காத்துக்கினு இருக்க வேணாம். இப்ப உங்களுக்கு எந்தச் சத்தம் வருதோ அதையே கத்துக்குடுங்க."

என் கணவர் பதில் சொல்ல முயன்றார். "ஆ" என்றுதான் வந்தது. "அதான்ணே. அதே போதும்" என்றார் அவர்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். மாடு, மரம், வீடு. என் கணவர் அவற்றைத் தொடமாட்டார். குழந்தைப் படத்தைக் காட்டிப் பேசச் சொல்கிறார்களே என்ற வெட்கம். ஆனால் மறுநாள் காலையிலிருந்து நாய்க்காக அந்த "ஆ"வைச் சொல்லத் தொடங்கினார். அவர் கட்டிலில் இருப்பார். நானும் நாயும் கூடத்தின் அந்தக் கோடியில். அவர் "ஆ" என்றதும் நான் ஒரு துண்டு கொடுப்பேன். தினமும் பத்து நிமிடம். ஊன்றுகோலுக்கும் அப்படியே. முதலில் அதைச் சுவரில் சாய்த்துவைத்து அதைச் சுற்றி ஈரல் துண்டுகளைப் போட்டேன். நான்கு நாள் நாய் கிட்டே போகவில்லை, எறும்பு தின்றது. ஐந்தாம் நாள் உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியது. பிறகு ஊன்றுகோலை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். பிறகு மெல்லத் தட்டினேன். அது பயப்படாமல் இருக்கும் அளவுக்குத்தான் ஒவ்வொன்றும்.

ஞாயிறுதோறும் திண்டிவனம். மூன்றாவது மாதத்தில் எங்கள் நாயும் பயிற்சியாளரின் நாயும் இருபதடி இடைவெளியில் ஒரே திசையில் நடந்தன. பிறகு பத்தடி. ஒருநாள் இரண்டும் ஒரே புல்லை மோந்து பார்த்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அழுதார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு எதற்கும் அழுகை வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது அதுவா, நிஜமான அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாயிடம் எனக்கு இருந்த பொறுமை அவரிடம் இருக்கவில்லை. காலையில் பத்து நிமிடம் குரலை உயர்த்தாமல் அதனுடன் உட்கார்ந்திருப்பேன். அடுத்த அரை மணியில் அவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது, உதட்டோரம் வழிந்தால் துடைக்கிற கை கடினமாகிவிடும். ஒருநாள் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. கேப்பைக்கூழ் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சட்டை, போர்வை, தரை எல்லாம் கூழ். "வேணும்னே பண்றீங்களா" என்று கத்தினேன். மூலையில் இருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அவர் ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. துணியை மாற்றிவிட்டு அவசரமாகப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

ஐந்தாவது மாதம், நாய் அவர் கட்டிலுக்கு நான்கு அடி தூரம்வரை வந்து படுக்கத் தொடங்கியிருந்த சமயத்தில், கொழுந்தன் வந்தார். அண்ணனைப் பார்க்கக் கரும்பும் மல்லாட்டையும் கொண்டுவந்திருந்தார். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு. கிட்டக்க இழுத்துவுட்டா தானா பழகிக்கும்" என்று அவர் சொல்வது கேட்டது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தேன். அதற்குள் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அண்ணன் காலடியில் தள்ளிவிட்டார். நாய் கண்ணை மூடிக்கொண்டு கடித்தது. என் கணவரின் வலது கையில், மணிக்கட்டுக்கு மேலே.

அவருக்கு வலிக்கவில்லை. அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை. ரத்தம் வேட்டியில் சொட்டுவதை வேறு யாருக்கோ நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோப்புப் போட்டுக் குழாயடியில் நெடுநேரம் கழுவினேன். அப்போதும் முகம் மாறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். கொழுந்தன், "இதுக்கு மேலயும் வச்சிக்கினு இருப்பீங்களா" என்று என்னிடம் கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இடது கையால் ஈரல் டப்பாவைக் காட்டினார்.

பயிற்சியாளரிடம் போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "மொதல்லேர்ந்து வாங்கக்கா. எவ்ளோ நாளாவும்னு கணக்குப் பாக்காதீங்க. வாய்க்கூடை இல்லாம ரெண்டு பேரையும் ஒரே ரூம்புல விட்டது நம்ம தப்பு" என்றார். நம்ம தப்பு என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுபடியும் சுவரில் சாய்த்த ஊன்றுகோல். மறுபடியும் எறும்புகள். கட்டுப்போட்ட கையோடு அவர் "ஆ" என்றார்; கூடத்தின் கோடியில் நான் துண்டைக் கொடுத்தேன். இந்த முறை ஒரு வித்தியாசம். அடுத்த சில வாரங்களில் அவர் "ஆ" என்றதும் நாய் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தது. அதைக் கவனித்தது அவர்தான். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு. திண்டிவனம் போய்வந்து நான் சமைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் "ஆ" என்றார். பிறகு சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரோ என்று எட்டிப்பார்த்தேன். நாற்காலியில் அசையாமல் இருந்தார். நாய் அவர் முன்னால் படுத்து, தாடையை அவருடைய வலது பாதத்தின்மேல் வைத்திருந்தது. ஈரல் டப்பா என்னிடம் அடுப்படியில் இருந்தது. யாரும் அதற்கு எதுவும் கொடுக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் அந்தப் பாதத்தைக் காட்டினார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கேட்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கு அந்தக் காலில் ஒன்றும் தெரியவில்லை.

"வச்சிருக்கான்" என்றேன். "முழு பாரத்தையும் வச்சிட்டுத் தூங்குறான்."

அவர் தலையாட்டினார். குழம்பு அடிப்பிடித்தது. நான் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். பேச்சு வரவே இல்லை. ஆனால் அந்த ஒரு சத்தத்துக்கு வீட்டில் முழுதாகப் பதில் கொடுத்தது அந்த நாய். நான் தண்ணீரா, பாத்ரூமா, ஃபேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரைச் சலிக்க வைப்பேன். நாய்க்கு அந்தச் சந்தேகம் இல்லை. கூப்பிட்டால் போகும். சாயங்காலம் மூன்று பேரும் தெருமுனைவரை நடப்போம். டக், இழுப்பு, நடுவில் நாயின் நகச் சத்தம். எதிரே தெருநாய்கள் வந்தால் எங்கள் நாய் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பும். நான் சேலை மடிப்பிலிருந்து ஒரு துண்டு கொடுப்பேன். அவருடைய முகத்தில், வண்டியைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய நாட்களில் இருந்த ஒரு திருப்தி தெரியும். நானும் கொஞ்சம் மாறினேன் என்று நினைக்கிறேன். கத்துவது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது ஒரு காலையில், பல் துலக்கும்போது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பறை, வெடி, நூறு பேருக்கு மேல் கூட்டம். அவரோடு வேலை பார்த்த ஓட்டுநர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள். பயிற்சியாளர் யாரும் சொல்லாமலே காலையில் வந்து நாயை மாடிக்குக் கூட்டிப்போய்க் கூடவே உட்கார்ந்திருந்தார். எடுப்பதற்கு முன், கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, "ஒருவாட்டி காமிச்சிரலாமாக்கா?" என்று கேட்டார். சரி என்றேன். வாய்க்கூடையோடு நாய் அத்தனை பேருக்கு நடுவே அமைதியாக நடந்துவந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பால்காரரைக் கண்டாலே கடிக்கப் பாய்ந்த நாய். பெட்டியின் கண்ணாடியை ஒருமுறை மோந்து பார்த்தது. திரும்பியது. அங்கிருந்த வாளியை நோக்கிக் கயிற்றை இழுத்தது. அதற்குத் தாகம். நான் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தேன். அது ஊளையிட வேண்டும் என்றா, பெட்டியை விட்டு நகராமல் படுக்க வேண்டும் என்றா, தெரியவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு அதன்மேல் வந்த ஆத்திரம் போக நாளாயிற்று. கண்ணாடிக்கு வாசனை இல்லை என்று பயிற்சியாளர் பிறகு சொன்னார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு, வீடு காலியாக இருந்த ஒரு மத்தியானம், நான் அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். அவர் போடுவது போலவே, வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு. நாய் பின்கட்டிலிருந்து ஓடிவந்தது. என்னைத் தாண்டி நாற்காலிவரை போய் நின்றது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. பாத்ரூம் கதவை மூக்கால் தள்ளிப் பார்த்தது. அதன்பிறகு நான் அப்படிக் கூப்பிடவே இல்லை.

ஞாயிறுகளில் திண்டிவனம் போவதை நிறுத்தவில்லை. வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. பயிற்சியாளரின் கிழட்டு நாய்க்கு இடுப்பு தளர்ந்துவிட்டது. புதிதாகக் கொண்டுவரும் நாய்களுக்கு முன்னால், தூரத்தில், இப்போது எங்கள் நாயை நிறுத்துகிறார். அது கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும். மறுகோடியில் யாரோ ஒருவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னாடி பின்னாடி போய்க்கொண்டிருப்பார்.

அவர் போய் ஒரு வருடம் ஆன தலைத் திதிக்குக் கொழுந்தன் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நாய் உள்ளே நடையில் அசையாமல் நின்று அவரையே பார்த்தது. குரைக்கவில்லை, வாலும் ஆடவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவர் உள்ளே வந்தார். படையல் முடிந்து மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாசல்படியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணி, ஆஸ்பத்திரில நீங்க இருந்தப்ப நான் இதைக் கொட்டாயில கட்டிட்டு மச்சான் வூட்டு விசேஷத்துக்குப் போய்ட்டேன். மூணு நாளு. தண்ணி வச்சிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா காது கிழிஞ்சி கயித்துல சுத்திக்கினு கெடந்துச்சி. அண்ணன் கைய அது கடிச்சப்பகூட எனக்கு அதான் நெனப்பு. சொல்ல வாய் வரல."

பரவாயில்லை என்று சொல்ல அது என் காது இல்லை. உள்ளே போய் ஈரல் டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அதைப் பாக்காதீங்க. பக்கவாட்டுல திரும்பி உக்காந்து ஒண்ணொண்ணா கீழ போடுங்க. கூப்பிடாதீங்க" என்றேன்.

அவர் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாய் எட்டடி தூரத்தில் நின்றது. வரவில்லை. போகவும் இல்லை. துண்டுகளில் எறும்பு ஏறத் தொடங்கியது. வெயில் படிக்கு வந்ததும் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"எவ்ளோ நாளாவும் அண்ணி?"

"தெரியாது" என்றேன். "அடுத்த ஞாயிறு முடிஞ்சா வாங்க. நாங்க திண்டிவனம் போயிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வந்துடுவோம்."

பார்க்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நாங்கள் திண்டிவனத்திலிருந்து திரும்பியபோது, அவர் படியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார்.